ரெஜிஸ்டரின் கடைசிக் கட்டம்

17.2.2025, வாசகர் கேள்வி
அமெரிக்கப் பணம் நின்றதும் எச்.ஐ.வி. திட்டங்களின் தகவல் தளமும் முடங்கிவிட்டது என்று படித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாஷிங்டனுக்குப் போன அந்த எண்கள் எல்லாம் பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டத்தானே? தளம் போனதால் மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு என்ன நஷ்டம்? களத்தில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

17.2.2025, இரவு 10.40
நான் இருந்தேன். 1998 முதல் 2022 வரை இந்த எண்களை எழுதித்தான் சோறு சாப்பிட்டேன். முதலில் நாமக்கல் லாரி ஸ்டாண்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ரெஜிஸ்டர் எழுதுகிறவன். பிறகு சேலம். கடைசி ஆறு வருஷம் ஆந்திராவில், குண்டூர் பக்கம், பெப்ஃபார் என்ற அமெரிக்க அரசின் எச்.ஐ.வி. திட்டப் பணத்தில் நடந்த ஒரு திட்டத்தில் தரவு அலுவலர்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் கணக்குக் காட்டத்தான். நாங்கள் அனுப்பியது மேலே போனது, கீழே எதுவும் திரும்பி வந்ததில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

18.2.2025, காலை 6.15
நேற்று எழுதியதில் பாதிதான் உண்மை. ராத்திரி படுத்த பிறகு ஒரு பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், இது தெரியாதவர்களுக்காக அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று சொல்லிவிடுகிறேன்.

பெப்ஃபார் என்பது 2003 ஜனவரியில் அதிபர் புஷ் அறிவித்த திட்டம். ஐந்து வருஷத்துக்கு 1,500 கோடி டாலர் என்று தொடங்கியது. கடைசியாக 2 கோடிப் பேருக்கு மேல் அதன் துணையில் மாத்திரை சாப்பிட்டார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில். அந்தத் திட்டம் நடந்த ஒவ்வொரு மருத்துவமனை, ஒவ்வொரு மையத்தின் எண்ணும் போய்ச் சேர்ந்த இடம் டேட்டிம், நீங்கள் கேட்ட அந்தத் தகவல் தளம். அதன் அடியில் இருக்கும் மென்பொருள் டி.எச்.ஐ.எஸ். 2. ஓஸ்லோ பல்கலைக்கழகம் பராமரிப்பது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில், ஒரு வட்டாரத்தின் சுகாதாரக் கணக்கை அந்த வட்டாரத்துக்காரர்களே பார்த்து முடிவெடுக்கட்டும் என்று பிறந்த வேலை அது. இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. கீழே இருப்பவன் பார்ப்பதற்காகச் செய்த கருவியில், நான் மேலே அனுப்ப மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கையில் இருந்த வரிசை இப்படி. நோயாளியின் ஒயிட் கார்டு மையத்தில் இருக்கும். பச்சைப் புத்தகம் அவர் கையில் இருக்கும். கார்டைப் பார்த்து லைன் லிஸ்ட், அதாவது ஆளுக்கு ஒரு வரியாகப் பட்டியல். லைன் லிஸ்ட்டைக் கூட்டிக் கழித்து அறிக்கை. புதிதாக மாத்திரை தொடங்கியவர் எத்தனை, இப்போது சாப்பிடுகிறவர் எத்தனை, விட்டுப்போனவர் எத்தனை, ரத்தத்தில் வைரஸ் அடங்கியவர் எத்தனை. ஒவ்வொன்றும் ஆண், பெண், வயது வாரியாக.

18.2.2025, மதியம் 1.05
வயது என்றதும் ஞாபகம் வருகிறது. நம் தேசியத் திட்டத்தின் மாத அறிக்கைக்குப் பெரியவர், 15 வயதுக்குள் குழந்தை என்று பிரித்தால் வேலை முடிந்தது. பெப்ஃபாருக்கு ஐந்து ஐந்து வயதாகப் பிரிக்க வேண்டும். 20 முதல் 24, 25 முதல் 29 என்று போய்க்கொண்டே இருக்கும்.

சேலத்தில் இருந்தபோது ஒரு தாத்தாவிடம் வயது கேட்டேன். "எம்.ஜி.ஆரு மொத தடவ முதலமைச்சரானாரு பாருங்க, அந்த வருசந்தான் என்ர கடைசிப் புள்ளைக்குக் காது குத்துனமுங்க" என்றார். அது 1977. கடைசிப் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது, மூத்தவள் அவனுக்குப் பத்து வயது பெரியவள், தாத்தாவுக்குக் கல்யாணம் இருபதில். இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணிக் கடைசியில் ஒரு வயதுக்கு வந்தபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இத்தன வருசம் இருந்துட்டனுங்களா" என்று கேட்டார். அன்றைக்குக் குறித்த அந்த எண்ணை மட்டும் நான் மறந்ததில்லை.

20.2.2025, இரவு 9.30
நாமக்கல் கதை. 1990களின் கடைசியில் லாரி என்றால் நாமக்கல், எச்.ஐ.வி. என்றாலும் பேச்சில் நாமக்கல். ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும், நான் அந்த ஊர்க்காரன். பெண் கொடுக்க யோசித்தார்கள்.

அப்போது தமிழ்நாட்டில் அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் பணம், சென்னை வி.எச்.எஸ். என்ற தொண்டு நிறுவனம் வழியாக ஏபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டமாக வந்தது. 1995இல் தொடக்கம். அதற்கு முந்தின வருஷம்தான் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவானது. தேசியத் திட்டத்தின் முதல் கட்டம் 1992இல் உலக வங்கிக் கடனில் தொடங்கியிருந்தது. ஆக, எச்.ஐ.வி. என்ற சொல் எங்கள் பக்கம் நுழைந்தபோதே வெளிப்பணமும் அதோடு அறிக்கையும் நுழைந்துவிட்டன.

என் வேலை: எத்தனை டிரைவர், கிளீனரிடம் பேசினோம், எத்தனை ஆணுறை கொடுத்தோம் என்று எழுதுவது. லாரி ஆபீஸ்களில் என்னைக் "கணக்குப்பிள்ளை" என்று கூப்பிடுவார்கள். பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் சத்தத்துக்கு நடுவில் நின்று எழுதியிருக்கிறேன்.

இரண்டு வருஷம் நான் எழுதிய ஒரு எண் தப்பு. "சந்தித்த நபர்கள்" என்ற கட்டத்தில் நான் போட்டது சந்திப்புகளை. ஒரே டிரைவர் மூன்று தடவை ஸ்டாண்டுக்கு வந்தால் மூன்று பேர். களப்பணியாளர்கள் கொண்டுவந்த சீட்டில் பெயர் இல்லை, கோடுதான் இருந்தது, நான் கோடுகளைக் கூட்டினேன். ஒரு நாள் ஒரு கிளீனர் பையன், பதினெட்டு வயது இருக்கும், "அண்ணா, போன வாரமும் இதேதான் சொன்னீங்க, அதுக்கு முந்தியும் சொன்னீங்க. எனக்கு வேற ஒண்ணு கேக்கோணும்" என்றான். அவனுக்குப் புண் இருந்தது. மூன்று சந்திப்பிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. ஏனென்றால் எங்கள் சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை. என் அறிக்கையில் அவன் மூன்று நபர்.

அன்றைக்குத்தான் ரெஜிஸ்டரின் கடைசியில் கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்தேன். மேலே "குறிப்பு" என்று எழுதினேன். யாரும் கேட்டு அல்ல.

20.2.2025, இரவு 11.50
அந்தப் பையனை டாக்டரிடம் கூட்டிப்போனோம், பால்வினை நோய், ஊசியில் குணமானது. கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

23.2.2025
இங்கே ஒருவர், "எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினால்தானே பணம் வரும், அதனால் எல்லாரும் ஊதிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். 2007ஐ எல்லாரும் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். அதனால் அதைச் சொல்கிறேன்.

2005க்கு இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 52 லட்சம் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ சொன்னது, 57 லட்சம் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸ் சொன்னது. 2007 ஜூலையில் புதுக் கணக்கு வந்தது: சுமார் 25 லட்சம். பாதிக்கும் கீழே. எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பணம் நின்றுவிடும் என்று பயம். எங்கள் தலைவர் மட்டும், "இருபத்தஞ்சு லட்சம் பேருக்கு நோய் இல்லைன்னு தெரிஞ்சிருக்கு, இதுக்கு யாராவது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்களா?" என்று சத்தம் போட்டார்.

யாரும் பொய் சொல்லவில்லை. முந்தின கணக்கு, அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகள், பால்வினை நோய்ப் பிரிவுக்கு வருபவர்கள் ஆகியோரின் ரத்தத்தை வைத்து நாடு முழுதுக்கும் போட்டது. பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு யார் வருகிறார்கள்? ஏழை, அதிலும் ஏற்கெனவே வேறு இடத்தில் சந்தேகப்பட்டு அனுப்பப்பட்டவர். அவர்களை ஊருக்கே சாட்சியாக நிறுத்தினால் எண் வீங்கும். 2005–06இல் மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வு வீடு வீடாகப் போய் ஒரு லட்சம் பேருக்கு மேல் ரத்தம் சோதித்தது. கண்காணிப்பு மையங்களும் 2006இல் 1,122 ஆகப் பெருகின. அப்புறம்தான் உண்மையான அளவு தெரிந்தது. எண்ணும் இடம் மாறினால் எண் மாறும்.

24.2.2025
நேற்றைய குறிப்பில் ஒன்று விட்டுப்போனது. "யாரும் பொய் சொல்லவில்லை" என்றது தேசிய மதிப்பீட்டைப் பற்றி. களத்து அறிக்கையில் பொய் உண்டு. டார்கெட் 100 என்றால் மாசக் கடைசியில் 98 நூறாகும். பார்த்திருக்கிறேன், நானே 97ஐ 100 ஆக்கியிருக்கிறேன். மூன்று பேர்தானே என்று நினைத்தேன்.

2.3.2025, மாலை
குண்டூரில் சேர்ந்த புதிதில் எனக்கு நேர்ந்த பெரிய குழப்பம் பெயர்க் குழப்பம். நாகோவின் தகவல் அமைப்புக்குப் பெயர் சிம்ஸ். அதற்கு முந்தியது சி.எம்.ஐ.எஸ். பெப்ஃபாரிலும் சிம்ஸ் என்று ஒன்று உண்டு. அது அறிக்கை அமைப்பே இல்லை, மையத்துக்கு நேரில் வந்து தரம் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை போடும் ஆய்வு. "சிம்ஸ் ரெடியா" என்று போன் வந்தால் எந்த சிம்ஸ் என்று கேட்காமல் பதில் சொல்லக் கூடாது. மாத அறிக்கையை முடித்துவிட்ட தெம்பில் "ரெடி மேடம்" என்றேன். மறுநாள் காலை எட்டரைக்கு வாசலில் ஜீப் நின்றது.

நாள்காட்டியும் அப்படித்தான். நம் நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கும். அமெரிக்காவுக்கு அக்டோபர். அவர்களின் முதல் காலாண்டு நமக்கு மூன்றாவது. நாங்கள் சுவரில் இரண்டு காலண்டர் மாட்டியிருந்தோம். தீபாவளி நெருங்கும்போது அவர்களின் ஆண்டு முடிவு அறிக்கை. ஆறு வருஷத்தில் நான்கு தீபாவளிக்கு ஊருக்கு ராத்திரி பஸ்ஸில்தான் வந்தேன்.

9.3.2025, காலை
அந்தப் பெண்ணின் கதை. பெயர், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"விட்டுப்போனவர்" என்பதற்கு இரண்டு அளவுகோல் இருந்தன. நாகோ கணக்கில் தொடர்ந்து மூன்று மாதம் வராதவர்தான் எல்.எஃப்.யூ. அதற்கு முன்னால் "மிஸ்". பெப்ஃபாரிலும் முதலில் 90 நாள் இருந்தது, பிறகு 28 நாளாகச் சுருக்கிவிட்டார்கள். கடைசியாக வந்த நாளிலிருந்து 28 நாள் தாண்டினால் "இப்போது சாப்பிடுகிறவர்" பட்டியலிலிருந்து பெயர் கழன்றுவிடும்.

ஆக, ஒரே ஒயிட் கார்டு. அரசு அறிக்கையில் அந்த அம்மா இருக்கிறார். அமெரிக்க அறிக்கையில் தொலைந்துவிட்டார். ஒவ்வொரு காலாண்டும் இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று கேள்வி வரும், நான் விளக்கக் கடிதம் எழுதுவேன். 28 நாள் விதிமேல் எனக்கு அவ்வளவு கோபம். மிளகாய்ச் சீசனில் குண்டூர் பக்கம் வந்து பாருங்கள். ஜனவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை வயலிலும் யார்டிலும் ராத்திரி பகல் வேலை. சிவப்பு மலையாகக் குவிந்து கிடக்கும், தெருவில் நடந்தாலே தும்மல். அந்த நேரத்தில் ஒருத்தி கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்கு வரிசையில் நிற்பாளா? வாஷிங்டனில் இருப்பவருக்கு மிளகாய் தெரியுமா என்று கத்தியிருக்கிறேன்.

2020 பிப்ரவரி. பட்டியலில் ஒரு பெண் 35 நாள் தாண்டியிருந்தார். நாகோ கணக்குப்படி இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கலாம். பெப்ஃபார் கணக்குக்காகத்தான் களப்பணியாளரை அனுப்பினோம். அவர் வயலுக்கே போய்ப் பார்த்தார். அந்தப் பெண் சொன்னது: "மாத்திரை மிச்சம் இருக்கு தம்பி, அதான் வரல. தீர்ந்ததும் வர்றேன்."

எப்படி மிச்சம்? அப்போது பெரும்பாலோருக்கு எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை. ராத்திரி போட்டால் சிலருக்கு விடிகாலை தலை சுற்றும், கெட்ட கனவு வரும். இவர் விடியற்காலை நாலு மணிக்கு டிராக்டரில் ஏறி வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் தலைசுற்றிக் கீழே விழப்போனாராம். அதிலிருந்து மறுநாள் வேலை இருந்தால் மாத்திரை போடுவதில்லை. ஞாயிறு ராத்திரி, மழை பெய்த ராத்திரி, இப்படி. ஒழுங்காக வரும் நாளிலும் ஆலோசகரிடம் இதைச் சொன்னதில்லை. திட்டுவார்கள் என்று பயம்.

அவரை மறு வாரமே டாக்டர் பார்த்து மருந்தை மாற்றினார். 90 நாள் காத்திருந்தால் அந்த உடம்பில் மருந்து வேலை செய்யாத வைரஸ் வளர்ந்திருக்கலாம்.

இனிமேல் 28 நாளைத் திட்ட மாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் அறிக்கையில் என்ன எழுதினேன் தெரியுமா? வராததற்குக் காரணம் என்று இருந்த கட்டங்கள்: இறந்தார், வேறு மையம் போனார், சிகிச்சையை நிறுத்தினார், தேடியும் கிடைக்கவில்லை, திரும்பி வந்தார். நான் "திரும்பி வந்தார்" கட்டத்தில் ஒன்று கூட்டினேன். டிராக்டரும் நாலு மணியும் தலைசுற்றலும் என் ரெஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தோடு நின்றுவிட்டன. அந்த மாவட்டத்தில் விடிகாலை வேலைக்குப் போகிற இன்னும் எத்தனை பேர் இதே காரணத்துக்காக மாத்திரையைத் தாண்டினார்கள் என்று எந்தத் தளத்திலும் தேட முடியாது.

9.3.2025, இரவு
திருத்தம். காலையில் "கடைசியாக வந்த நாளிலிருந்து 28 நாள்" என்று எழுதிவிட்டேன், தப்பு. வர வேண்டிய நாளிலிருந்து 28 நாள். ஒரு மாத மாத்திரை வாங்கினவர் ஒரு மாதம் கழித்து வர வேண்டும், அதிலிருந்து எண்ண வேண்டும். அந்தப் பெண்ணின் 35ம் அப்படி எண்ணியதுதான். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் இதில் தப்பினால் மையத்தில் பாதிப் பேர் தொலைந்துவிடுவார்கள். என்னோடு வேலை பார்த்த பெண் இதைப் படித்துவிட்டு போனில் பிடித்தார். "அண்ணா, நீங்களே சொல்லிக் குடுத்ததை நீங்களே மாத்தறீங்களே!" அவர் தமிழ் குண்டூர்த் தமிழ், அவ்வளவு இனிமை.

அவர் சொன்ன இன்னொன்று: ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஜனவரி 20இல் வாஷிங்டனில் கையெழுத்தான 90 நாள் நிறுத்தம்தான் காரணம். டேட்டிம் பிறகு திறக்கவில்லை. "கடவுச்சொல்லை மறந்துட்டோமோன்னு மூணு தடவ போட்டுப் பாத்தேன்" என்றார். மாத்திரை நிற்கவில்லை, ஏனென்றால் இந்தியாவில் மாத்திரை அரசுப் பணத்தில், அரசு மையத்தில். நின்றது தேடிப்போகிற ஆள். மலாவியிலோ மொசாம்பிக்கிலோ நிலைமை வேறு, அங்கே சிகிச்சையே இந்தப் பணத்தில் சாய்ந்திருந்தது. அங்கே என்னைப் போல உட்கார்ந்து எழுதிய ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் நோட்டு இருக்க வேண்டும்.

16.3.2025
"அப்படியானால் குறிப்புக் கட்டத்தையும் கணினியில் ஏற்றி மேலே அனுப்பியிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறார்கள். கூடாது. ஏன் என்று சொல்ல ஊரடங்குக்குப் போக வேண்டும்.

2020 மார்ச் 25. பஸ் இல்லை. மையத்துக்கு வர முடியாதவர்கள் நூற்றுக்கணக்கில். மூன்று மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுங்கள், முடிந்தால் வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்று நாகோ சொல்லியிருந்தது. முகவரி லைன் லிஸ்ட்டில் இருந்தது. ஆனால் முகவரி போதாது. என் கடைசிக் கட்டத்தில் இருந்தவை இப்படி: "மாமியாருக்குத் தெரியாது. போன் செய்யக் கூடாது, காலை பால்காரர் வரும் நேரம் வாசலில் இருப்பார்." "அண்ணன் எடுத்தால் ரேஷன் கடை என்று சொல்லவும்." "வீட்டுக்கு வேண்டாம், மாதா கோயில் படி." அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் இரண்டு பைக்கில் நாலு பேர் மாத்திரை கொண்டுபோனார்கள். ஒரு வீட்டில்கூட ரகசியம் உடையவில்லை. என் 24 வருஷ வேலையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இந்த ஒன்றுதான்.

இப்போது அதே வரிகளை ஒரு சர்வரில் நினைத்துப் பாருங்கள். 2017இல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், சம்மதம் இல்லாமல் ஒருவர் நிலையை வெளியிடக் கூடாது, பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு மனசு வராது. மாமியாருக்குத் தெரியாது என்பது அந்தப் பெண்ணின் சொத்து.

17.3.2025
ராத்திரி யோசித்ததில் நேற்று சொன்னது கொஞ்சம் முரட்டுத்தனம் என்று படுகிறது. மாமியார் வரி போகக் கூடாது. ஆனால் "தலைசுற்றல், விடிகாலை வேலை" என்பதில் யாருடைய ரகசியமும் இல்லை. அதை ஒரு எண்ணாக்கி ஒரு கட்டம் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் மருந்தை மாற்றும் முடிவுக்கு எங்கள் மாவட்டமும் ஒரு சாட்சி சொல்லியிருக்கும். பின்னாளில் டோலுடெக்ராவிர் என்ற புது மருந்து வந்து அந்தத் தலைசுற்றல் போனது, நல்லது. ஆனால் நாங்கள் சொல்லாமலே வந்தது.

30.3.2025
சேலத்தில் ஒரு பியர் அக்கா. பியர் என்றால் தன்னைப் போன்றவர்களிடமே போய் வேலை செய்யும் களப்பணியாளர். பாலியல் தொழிலில் இருந்து, பிறகு அதே பெண்களுக்காக வேலை செய்தவர். கையெழுத்து மட்டும் போடுவார். கேட்ஸ் அறக்கட்டளையின் ஆவஹான் திட்டம் 2003இல் ஆறு மாநிலங்களில் தொடங்கியது, தமிழ்நாடு அதில் ஒன்று. அதில் எழுதப் படிக்கத் தெரியாத பியர்களும் நிரப்பும்படி படம் போட்ட படிவங்கள் பழக்கத்துக்கு வந்தன. எங்கள் அக்கா அவற்றோடு நிற்கவில்லை. தானே குறிகள் வைத்திருந்தார். குத்துவிளக்கு என்றால் சாயங்காலம்தான் பேச முடியும். தலைகீழ்ப் பானை என்றால் வீட்டில் அடி விழுகிறது, முதலில் அதைக் கவனி. ஒரு கோடு போட்ட பிறை என்றால் தூக்கம் இல்லை, குடிக்கிறாள்.

மாசக் கடைசியில் அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்து, "இந்த மாசம் எனக்குப் பானை நாலு கூடிருச்சு சாமி" என்பார். உடனே அந்த நாலு பேர் வீட்டுக்குத்தான் முதலில் போவார். இங்கே முதலில் கேள்வி கேட்டவருக்குச் சொல்கிறேன்: எழுதியவரே மறுநாள் எடுத்துப் பார்த்து வேலை செய்த அறிக்கை, நான் பார்த்தவரையில், அது ஒன்றுதான். டேட்டிம் எவ்வளவு பெரியது, அக்காவின் நோட்டு நாற்பது பக்கம்.

31.3.2025
ஒன்று அல்ல. டியூ லிஸ்ட்டும் உண்டு. நாளை யார் வர வேண்டும் என்ற பட்டியல். ஆலோசகர்கள் தினமும் பார்ப்பார்கள். நேற்று உணர்ச்சிவசப்பட்டு விட்டுவிட்டேன்.

13.4.2025
ஒருவர் "தமிழ்நாட்டில் முதல் தரவு எது" என்று கேட்டார். 1986இல் சென்னையில், சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்து, வேலூரில் சோதித்ததில் ஆறு பேருக்கு இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரிந்ததே அப்படித்தான். ஆறு என்ற அந்த எண்ணைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆறு பெண்களுக்கும் அப்போது கொடுக்க ஒரு மாத்திரை இல்லை. அரசு இலவச ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி. மாத்திரைச் சிகிச்சை, தொடங்கியது 2004 ஏப்ரல் 1இல், தாம்பரமும் சேர்த்து எட்டு இடங்களில். நடுவில் 18 வருஷம்.

4.5.2025, இரவு 12.20
97ஐ 100 ஆக்கிய விஷயம் என்னை விடவில்லை. பிப்ரவரியில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனேன். அந்த மூன்று பேர் நம்பிக்கை மையத்துக்குப் பரிசோதனைக்குப் போனவர்கள் என்ற கணக்கு. போகாத மூன்று பேரைப் போனதாக எழுதினேன். அந்த மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியும். மாத அறிக்கையில் "போனார்" ஆனதும் அடுத்த மாதப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது, யாரும் தேடிப் போக மாட்டார்கள். இரண்டு பேரை நானே பிறகு கூட்டிப்போனேன். ஒருவர் லாரியில் அஸ்ஸாம் பக்கம் போனவர், நான் வேலையை விடும்வரை அந்த ஸ்டாண்டில் அவரைப் பார்க்கவில்லை.

25.5.2025
குண்டூரிலிருந்து, என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண் பேசினார். திட்டம் இனி வராது என்று ஆகிவிட்டது. அலமாரியில் இருந்த ரெஜிஸ்டர்களில் மையத்துக்குரியதை மையத்திடம் ஒப்படைத்தார்கள், மற்றதை விதிப்படி அழித்தார்கள். நாகோவின் புதிய சோச் அமைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரே அடையாள எண் இருக்கிறது, மையம் மாறினாலும் தொடரும். அது பெரிய முன்னேற்றம், எங்கள் காலத்தில் வேறு ஊர் போனவரெல்லாம் தொலைந்தவர்.

அவரும், எச்.ஐ.வி.யோடு வாழும் மூன்று பெண்களும் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், வராதவர்களைத் தேடிப்போவதைத் தொடர்கிறார்கள். அவர்களையே தெரிந்தவர்கள், சம்மதம் சொன்னவர்கள் மட்டும். ஒரு நோட்டு வேண்டும், எப்படிக் கோடு போடுவது என்று கேட்டார்.

1.6.2025
நீளமான 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். பெயர் கிடையாது, அவர்களுக்கு மட்டும் புரியும் குறி. வர வேண்டிய நாள். வந்த நாள். மாத்திரை மிச்சம் எத்தனை. எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார். மீதி இடம் முழுக்க, பக்கத்தில் பாதிக்கு மேல், குறிப்பு. வயதுக் கட்டம் வைக்கவில்லை.

3.6.2025
நோட்டு கிடைத்துவிட்டது. "அண்ணா, ஆண் பெண் கட்டத்தையும் விட்டுட்டீங்களே" என்கிறார். வேண்டுமென்று விடவில்லை, மறந்துவிட்டேன். அவரே கோடு போட்டுக்கொண்டார், மூன்றாகப் பிரித்து, திருநங்கைகளுக்கும் சேர்த்து.